கேள்வி – பதில்: கிணறு யாருடையது, பாதை யாருடையது?

சென்ற இதழில் பெட்ரோல் விலையைப் பற்றி வெளியான ஒரு வாசகர் கடிதம் எல்லையோர ஊர்களில் பலரைப் பேனா எடுக்க வைத்திருக்கிறது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எண்ணெயைப் பற்றியே இருந்தமையால், இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். கேட்டவர்களின் பெயர்களை விடுத்து, ஊரையும் தொழிலையும் மட்டும் குறித்திருக்கிறேன்.

ஐயா, எங்கள் ஊர்ப் பங்கில் போடுவதைவிட, சோதனைச்சாவடியைத் தாண்டிக் கோவை மாவட்டத்துப் பங்கில் போட்டால் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைகிறது. கொச்சிச் சுத்திகரிப்பு ஆலை எங்கள் மாநிலத்தில்தானே இருக்கிறது? ஆலை இருக்கிற மாநிலத்தில் விலை கூடுதலாக இருப்பது என்ன நியாயம்?
– டிராக்டர் உரிமையாளர், வேலந்தாவளம்

நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், கணக்கைச் சொல்கிறேன். பங்கில் நாம் கொடுக்கும் விலையில் எண்ணெயின் விலை, மத்திய அரசின் கலால் வரி, விற்பனையாளரின் கமிஷன், மாநில அரசின் மதிப்புக்கூட்டு வரி ஆகியவை அடங்கியிருக்கின்றன. முதல் மூன்றும் உங்கள் ஊருக்கும் பொள்ளாச்சிக்கும் ஏறத்தாழ ஒன்றே. பெட்ரோலும் டீசலும் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் இன்னும் கொண்டுவரப்படாததால், நான்காவதை அந்தந்த மாநிலம் தன் தேவைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்கிறது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரளம் 2023 ஏப்ரல் முதல் சமூகப் பாதுகாப்புக்கென்று லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதலாக விதித்தது. ஆந்திரத்தில் வரி இன்னும் கடுமை. நகரி, புத்தூர் பக்கத்து வாசகர்கள் திருத்தணிப் பக்கம் வரும்போதெல்லாம் தொட்டியை நிரப்பிக்கொண்டு போவது அதனால்தான். கேரளத்துக்கு நடுவே புதுச்சேரிக்குச் சொந்தமாகக் கிடக்கும் மாஹியில் பங்குகளின் முன் வண்டிகள் வரிசை கட்டி நிற்பதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இதைவிடச் சுவையான செய்தி ஒன்று இருக்கிறது. அம்பலமுகளில் உள்ள கொச்சி ஆலையிலிருந்து கோவைக்கு அருகே இருகூர் வழியாகக் கரூர் வரை ஏறத்தாழ 290 கி.மீ. நீளத்துக்கு நிலத்தடிக் குழாய் ஒன்று செல்கிறது. பெட்ரோலும் டீசலும் அதன் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து தமிழ்நாட்டுக்குப் போகின்றன. ஆகவே, நீங்கள் எல்லை தாண்டிப் போய் மலிவாக நிரப்பிக்கொண்டு திரும்பும் பெட்ரோலில் ஒரு பகுதி, உங்கள் மாவட்டத்து மண்ணுக்கு அடியிலேயே உங்களைக் கடந்து போனதாக இருக்கலாம். எண்ணெய் எங்கே எடுக்கப்படுகிறது, எங்கே காய்ச்சப்படுகிறது என்பதைவிட, அது எந்தப் பாதையில் போகிறது, அந்தப் பாதையில் யார் சாவடி போட்டிருக்கிறார் என்பதே விலையையும் அதிகாரத்தையும் தீர்மானித்துவந்திருக்கிறது. 160 ஆண்டு கால எண்ணெய் வரலாற்றை நான் அப்படித்தான் படிக்கிறேன். அடுத்து வரும் விடைகளிலும் அந்தச் சாய்வு தெரியத்தான் செய்யும்.

எண்ணெய்த் தொழில் அமெரிக்காவில் தொடங்கியது என்று பாடநூலில் இருக்கிறது. ராக்பெல்லர் என்ற ஒருவர் எப்படி அத்தனை கிணறுகளையும் பிடித்தார் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். விளக்க வேண்டுகிறேன்.
– பள்ளி ஆசிரியை, சித்தூர் (பாலக்காடு)

அம்மா, மாணவர்களின் கேள்வியிலேயே சிறு திருத்தம் வேண்டும். அவர் கிணறுகளைப் பிடிக்கவில்லை.

பென்சில்வேனியா மாநிலத்தின் டைட்டஸ்வில் என்னும் ஊரில் எட்வின் டிரேக் என்பவர் 1859 ஆகஸ்ட் 27-ஆம் நாள் 69 அடி ஆழத்தில் எண்ணெய் கண்டார் என்பது தொழிலின் பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது. பர்மாவின் ஏனாஞ்சாங் பகுதியில் அதற்கு வெகுகாலம் முன்பே, பரம்பரை உரிமை பெற்ற குடும்பங்கள் கையால் கிணறு தோண்டி, கயிற்றில் ஆளை இறக்கி எண்ணெய் இறைத்துக்கொண்டிருந்தன. அந்த ஊர்ப் பெயருக்கே நாற்றநீர் ஓடை என்று பொருள். அங்கிருந்து நம் சென்னைக்கு வந்த மண்ணெண்ணெயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். டிரேக் செய்த புதுமை, உப்புநீர்க் கிணறு துளைக்கும் முறையை எண்ணெய்க்குப் பயன்படுத்தி, துளை இடிந்துவிடாதபடி இரும்புக் குழாயைச் செருகியதே. அந்நாளில் எவருக்கும் பெட்ரோல் வேண்டியிருக்கவில்லை. விளக்கெரிக்க மண்ணெண்ணெய் வேண்டும். திமிங்கில எண்ணெய் விலையேறிக் கிடந்த காலம் அது. பெட்ரோலைக் கழிவென்று ஆற்றில் ஊற்றிவிட்டவர்களும் உண்டு.

டிரேக்கைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் துளை போட்டார்கள். விலை ஏறுவதும் சரிவதுமாக இருந்தது. கிணற்றை நம்பியவர் இன்று செல்வர், நாளை கடனாளி. கிளீவ்லாண்டில் கணக்கெழுதும் வேலையிலிருந்து வியாபாரத்துக்கு வந்த ஜான் ராக்பெல்லர் இந்தச் சூதாட்டத்தைத் தள்ளிநின்று பார்த்து, துளைப்பவர் துளைக்கட்டும், எடுத்த எண்ணெய் எப்படியும் ஒரு ஆலைக்கு வந்துதானே ஆகவேண்டும், ஆலைக்கு வர ரயிலில் ஏறித்தானே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டார். 1870-இல் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், நாள்தோறும் இத்தனை வண்டிச் சரக்கு தருகிறேன், கூலியைக் குறைத்துக்கொள் என்று ரயில்வே நிறுவனங்களிடம் பேரம் பேசினார். அதோடு விடாமல், போட்டியாளர் அனுப்பும் ஒவ்வொரு பேரலுக்கும் ரயில்வே வாங்கும் கூலியில் ஒரு பங்கைத் தமக்கே தரவேண்டும் என்று 1872-இல் ஓர் ஏற்பாடும் வகுக்கப்பட்டது. எதிராளி எவ்வளவு அதிகம் அனுப்புகிறானோ அவ்வளவு இலாபம் தனக்கு! இந்த ஏற்பாடு வெளியே தெரிந்து எண்ணெய்ப் பகுதி மக்கள் கொதித்தெழுந்ததால் அது கைவிடப்பட்டது. அதற்குள் கிளீவ்லாண்டின் ஆலைக்காரர்களில் பெரும்பாலோர் அஞ்சி, தம் ஆலைகளை அவரிடமே விற்றுவிட்டிருந்தார்கள்.

ரயிலின் பிடியிலிருந்து தப்ப 1879-இல் சிலர் சேர்ந்து அலெகனி மலையைத் தாண்டி நெடுங்குழாய் ஒன்று போட்டபோது, ஏளனம் செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ராக்பெல்லரோ ஏளனம் செய்யவுமில்லை, வாயடைத்துப் போகவுமில்லை. சத்தமின்றித் தாமும் குழாய் போடத் தொடங்கினார், எதிராளியின் குழாயிலும் பங்கு வாங்கினார். 1880-ஐ ஒட்டி அமெரிக்கச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு அவர் கையில் இருந்தது. 1911-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்டு ஆயிலை 34 நிறுவனங்களாகப் பிரிக்க ஆணையிட்டது. பின்னாளில் எக்ஸான், மொபில், செவ்ரான் என்று பெயர் மாறிய நிறுவனங்கள் அந்தத் துண்டுகளிலிருந்து வளர்ந்தவையே.

மாணவர்களுக்குச் சொல்ல இன்னொரு கதையும் உண்டு. காஸ்பியன் கரையின் பாக்குவில் நோபல் சகோதரர்கள் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், கருங்கடல் துறைமுகமான பாட்டுமியிலிருந்து மண்ணெண்ணெயைக் கீழ்த்திசை நாடுகளுக்குக் கொண்டுவர, இலண்டன் வியாபாரி மார்க்கஸ் சாமுவேல் முற்பட்டார். அதுவரை எண்ணெய் தகர டின்களில் அடைக்கப்பட்டு, மரப்பெட்டிக்கு இரண்டாக வந்தது. சாமுவேலோ கப்பலின் வயிற்றையே தொட்டியாக்கி, சூயஸ் கால்வாய் நிர்வாகத்தின் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்றபடி கட்டி, 1892-இல் முதல் கப்பலைக் கால்வாய் வழியே அனுப்பினார். பாதை குறுகிற்று; கூலி குறைந்தது. ஆனால் வந்து சேர்ந்த இடங்களில் எண்ணெய் விற்கவில்லையாம்! விசாரித்தால், ஆசிய மக்களுக்கு எண்ணெயைப் போலவே டின்னும் வேண்டியிருந்தது: கூரைக்குத் தகரம், தண்ணீருக்குக் குடம், அடுப்பு, வாளி எல்லாம் அதிலிருந்துதான். உடனே தகரத்தைக் கப்பலேற்றி, அந்தந்த ஊரிலேயே பளபளக்கும் சிவப்பு டின் செய்து, எண்ணெயை அதில் ஊற்றி விற்றார். சாமுவேலின் தந்தை கடற்சிப்பி வியாபாரம் செய்தவர். சாமுவேலின் நிறுவனத்துக்குச் சிப்பி என்று பொருள்படும் ஷெல் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. என் சிறுவயதில் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் சீமெண்ணெய் தீர்ந்த டின்னுக்கு மரப்பிடி அடித்து வாளியாக விற்றதை நான் பார்த்திருக்கிறேன். டின்னுக்கும் ஒரு வரலாறு உண்டென்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஒரு பேரல் என்பது எத்தனை லிட்டர்?
– மளிகைக் கடைக்காரர், கோபாலபுரம்

42 அமெரிக்கக் காலன். ஏறத்தாழ 159 லிட்டர். தொடக்கத்தில் விஸ்கிப் பீப்பாயிலும் மீன் பீப்பாயிலும் அடைத்து விற்றதன் மிச்சம் இந்த அளவு. இன்று எவரும் பேரலில் எண்ணெய் அனுப்புவதில்லை; கணக்கில் மட்டும் அது உருண்டுகொண்டிருக்கிறது.

"அவன் பெரிய எம்டன்" என்று எங்கள் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த ஜெர்மன் கப்பல் சென்னைக்கு வந்து கோட்டையை விட்டுவிட்டு எண்ணெய்த் தொட்டியைச் சுட்டது ஏன்?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், செங்கோட்டை

1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசி, பர்மா ஆயில் நிறுவனத்தின் மண்ணெண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, அரைமணி நேரத்துக்குள் இருளில் மறைந்தது. அந்த நினைவுக்கல்லை உயர் நீதிமன்ற மதிலில் இன்றும் காணலாம். நகரத்தார் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடினார்கள். தமிழுக்கு ஒரு புதுச்சொல் கிடைத்தது. கப்பல் தலைவன் மியூல்லர் தொட்டிகளைத் தேர்ந்ததற்குக் காரணம், அவை கரையோரத்தில் தெளிவாகத் தெரிந்தன, கொளுத்தினால் ஊர் முழுதும் தெரியும் என்பதே. இங்கிலீஷ்காரன் கடலைக் காக்கிறான் என்ற நம்பிக்கை அந்த வெளிச்சத்தில் எரிந்துபோயிற்று.

இதில் ஒரு வேடிக்கை: எண்ணெயைக் கொளுத்திய எம்டன் நிலக்கரியில் ஓடிய கப்பல். தன் வயிற்றுக்கு நிலக்கரி தேடி, வழியில் அகப்பட்ட சரக்குக் கப்பல்களைக் கொள்ளையிட்டுக்கொண்டே அது வங்கக் கடலில் திரிந்தது. நிலக்கரிக் கப்பலுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை எங்கேயாவது நின்று, மாலுமிகள் முதுகொடிய மூட்டை சுமந்தாகவேண்டும். எண்ணெயில் ஓடும் கப்பலுக்கோ ஒரு குழாயை மாட்டினால் போதும், வேகமும் கூடுதல், தொலைவும் கூடுதல். இதைக் கண்டுதான் பிரிட்டிஷ் கடற்படை அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் புதிய போர்க்கப்பல்களை எண்ணெய்க்கு மாற்ற முடிவெடுத்தார். வேல்ஸ் மலையில் முதல்தரமான நிலக்கரியை வைத்துக்கொண்டு, தம் நாட்டில் ஒரு துளிகூடக் கிடைக்காத பொருளை நம்பிக் கடற்படையைக் கட்டுவது எத்தனை பெரிய துணிவு!

அந்தத் துணிவுக்குப் பின்னால் பாரசீகம், அதாவது இன்றைய ஈரான், இருந்தது. ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்தில் பணம் சேர்த்த வில்லியம் டார்சி, 1901-இல் பாரசீக மன்னரிடம் 20,000 பவுன் ரொக்கமும், அதே அளவுக்குப் பங்கும், இலாபத்தில் 16 விழுக்காடும் தருவதாகச் சொல்லி, நாட்டின் பெரும்பகுதியில் 60 ஆண்டுக்கு எண்ணெய் உரிமை வாங்கினார். அந்த நாட்டில் அவர் கால்வைத்ததே இல்லை. வேலையை நடத்திய ஜார்ஜ் ரெனால்ட்ஸ், இந்தியப் பொதுப்பணித் துறையில் இருந்தவர். டார்சியின் பணம் கரைந்த நிலையில் கைகொடுத்தது, சென்னையில் தொட்டி வைத்திருந்த அதே பர்மா ஆயில். 1908 மே 26-ஆம் நாள் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. மறு ஆண்டு ஆங்கிலோ-பெர்ஷியன் நிறுவனம் பிறந்தது. 1914-இல், போர் மூள்வதற்குச் சில வாரங்கள் முன்பு, பிரிட்டிஷ் அரசு 22 இலட்சம் பவுன் கொடுத்து அதில் 51 விழுக்காட்டை வாங்கிற்று. ஓர் அரசே எண்ணெய் வியாபாரியானது அன்றுதான். பர்மாவும் பாரசீகமும் சென்னையும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதை எம்டன் தலைவன் நினைத்திருப்பானோ இல்லையோ, அவன் குண்டு விழுந்தது சரியான இடத்தில்தான்.

ஈரானில் பிரதமர் மொசாதெக் எண்ணெயை நாட்டுடைமையாக்கியும் ஏன் தோற்றார்? மக்கள் ஆதரவு அவருக்கு இருந்ததே?
– கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

தம்பி, மக்கள் ஆதரவு இருந்தது; கப்பல் இல்லை. 1951-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, மேலே சொன்ன பிரிட்டிஷ் நிறுவனத்திடமிருந்து, அபாதானில் இருந்த அந்நாளைய உலகின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலையையும் கிணறுகளையும் எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் பொறியாளர்கள் வெளியேறினார்கள். அதன்பின் நடந்ததைப் பார்க்கவேண்டும். உலக எண்ணெய்க் கப்பல்களில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களிடம் இருந்தது. ஏழு சகோதரிகள் என்று பின்னர் பெயர் பெற்றவை அவை. ஈரானிய எண்ணெயை ஏற்ற அவை மறுத்தன. துணிந்து வந்த ரோஸ் மேரி என்னும் சிறு கப்பலை 1952-இல் பிரிட்டிஷ் விமானங்கள் வழிமறித்து, ஏடனுக்குக் கொண்டுபோய், சரக்கு திருட்டுச் சரக்கு என்று வழக்காடின. சவுதியும் குவைத்தும் ஈராக்கும் கூடுதலாக எடுத்துக் கொடுக்கவே, உலகம் ஈரானின் எண்ணெய் இல்லாமலே சமாளித்துக்கொண்டது. ஈரானின் ஏற்றுமதி ஏறத்தாழ நின்றே போயிற்று.

கருவூலம் வற்றிய பிறகுதான் சதி வேலை செய்தது. 1953 ஆகஸ்ட் 19-ஆம் நாள் மொசாதெக் கவிழ்க்கப்பட்டார். அதில் தனக்குப் பங்கிருந்ததை அமெரிக்க உளவு நிறுவனம் 2013-இல் வெளியான தன் ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த புது ஏற்பாட்டில், பெயரளவில் எண்ணெய் ஈரானுடையது. எடுப்பதும் விற்பதும் அயல்நாட்டு நிறுவனக் கூட்டமைப்பு. அதில் பழைய பிரிட்டிஷ் நிறுவனத்தின் பங்கு 40 விழுக்காடாகக் குறைந்து, அமெரிக்க நிறுவனங்களுக்கும் 40 கிடைத்தது. சதியை மட்டும் பேசி, கப்பல் மறியலைப் பேசாமல் விடுகிற கட்டுரைகளை நீ படித்திருப்பாய். என் எண்ணத்தில் மறியலே மூத்தது. 1960 செப்டம்பரில் பாக்தாதில் கூடி ஈரான், ஈராக், குவைத், சவுதி, வெனிசுவேலா ஆகிய ஐந்து நாடுகள் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கைத் தொடங்கியபோது, தனித்தனியாக நின்றால் ஒருவரைக் காட்டி மற்றவரை ஒடுக்கிவிடுவார்கள் என்ற அந்தப் பாடம் அவர்கள் நினைவில் இருந்தது.

என் மாமனார் 1960-களில் லாஞ்ச் ஏறிப் "பெர்ஷியா" போனவர். அங்கே இந்திய ரூபாயே ஓடிற்று என்பார். பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். உண்மையா?
– இல்லத்தரசி, பாலக்காடு

முற்றிலும் உண்மை, அம்மா; பிள்ளைகள் தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், ஓமான் பகுதிகளில் பல பத்தாண்டுகள் நம் ரூபாயே கைமாறிற்று. அவை பம்பாய் வழியாகவே வணிகம் செய்தன. பிரிட்டிஷ் ஆட்சியும் அப்பகுதியை இந்தியாவிலிருந்தே கவனித்துவந்தது. தங்கக் கடத்தல் பெருகி, ரூபாய் அங்கிருந்து திரும்பி வந்து நம் அந்நியச் செலாவணியை உறிஞ்சியதால், 1959-இல் ரிசர்வ் வங்கி அங்கே மட்டும் செல்லக்கூடிய தனி நோட்டுகளை, நிறத்தை மாற்றி, எண்ணுக்கு முன் 'இசட்' எழுத்தை இட்டு அச்சிட்டது. உங்கள் மாமனாரின் பழைய பெட்டியில் அப்படி ஒன்று கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

குவைத் 1961-இலும் பஹ்ரைன் 1965-இலும் தமக்கென்று தினார் வெளியிட்டன. 1966 ஜூன் மாதம் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது, மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாக விலகின. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆதங்கம் வருவதுண்டு. துபாய்க் கடலில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது அதே 1966-இல். ஏழே ஆண்டுகளில் அந்தக் கரையில் பணம் ஆறாக ஓடப்போகிற நேரத்தில் நம் நாணயம் அங்கிருந்து வெளியேறிவிட்டது.

1973 அக்டோபர்ப் போரின்போது அரபு நாடுகள் உற்பத்தியைக் குறைத்து, அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் எண்ணெய் தர மறுத்தன. பேரலுக்கு 3 டாலரை ஒட்டியிருந்த விலை 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டிற்று. அந்தப் பணத்தில் எழுந்த சாலைக்கும் துறைமுகத்துக்கும் ஆள் வேண்டியிருந்தது. மலப்புறத்திலிருந்தும், சாவக்காட்டிலிருந்தும், நாகர்கோவிலிலிருந்தும், நம் பாலக்காட்டிலிருந்தும் ஆட்கள் போனார்கள். ரூபாய் போக முடியாத இடத்துக்கு ரூபாய்க்காரர்கள் போய், அந்நாட்டுப் பணத்தை இங்கே அனுப்பினார்கள். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது சுமார் 1,70,000 இந்தியர்களை விமானத்தில் திரும்ப அழைத்துவர நேர்ந்தது. எண்ணெய் விலை ஏறியதோடு அந்தப் பணவரத்தும் தடைபட்டது, 1991-இல் நாம் தங்கத்தை அடகு வைத்த நெருக்கடிக்கு ஒரு காரணம்.

சவுதி அரேபியா அமெரிக்காவோடு போட்ட 50 ஆண்டு பெட்ரோ டாலர் ஒப்பந்தம் 2024 ஜூன் 9-இல் முடிந்துவிட்டது, இனி டாலர் விழும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சரியா?
– வங்கிப் பணியாளர், களியக்காவிளை

வங்கியில் இருக்கிற நீங்களே கேட்பதால், செய்தி எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது என்று தெரிகிறது. அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை. 1974 ஜூன் 8-ஆம் நாள் இரு நாடுகளும் கையெழுத்திட்டது பொருளாதார ஒத்துழைப்புக்கான கூட்டுக்குழு ஒன்றை அமைப்பதற்கு. எண்ணெயை டாலரில் மட்டுமே விற்கவேண்டும் என்ற விதி அதில் கிடையாது. ஐம்பதைக் கூட்டி 2024 என்று எவரோ கணக்குப் போட்டுவிட்டார்.

டாலர் அங்கே உட்கார்ந்ததற்குக் கட்டாயத்தைவிட வசதியே பெரிய காரணம். சவுதி எண்ணெயை 1930-களிலிருந்து எடுத்தவை அமெரிக்க நிறுவனங்கள். கணக்கு இயல்பாகவே டாலரில் இருந்தது. 1973-க்குப் பின் குவிந்த பணத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, அவ்வளவு பெரிய தொகையை விழுங்கக்கூடிய சந்தை அமெரிக்கக் கடன்பத்திரம் ஒன்றே. ஆயுதமும் பாதுகாப்பும் அங்கிருந்தே வந்தன. பெற்ற டாலர் அதே வழியில் திரும்பிப் போயிற்று.

வேறு நாணயத்தில் விற்க முடியாதா என்றால், முடியும். 2023 ஆகஸ்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் ஐக்கிய அரபு எமிரேட்டிலிருந்து 10 இலட்சம் பேரல் எண்ணெயை ரூபாய் கொடுத்து வாங்கிற்று. ஆனால் அதே ஆண்டு மே மாதம், இந்திய வங்கிகளில் தங்களுக்குக் கோடி கோடியாக ரூபாய் சேர்ந்துகிடக்கிறது, அதைப் பயன்படுத்த வழியில்லை என்று ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் கோவாவில் சொன்னார். வாங்கிய ரூபாயைக் கொண்டு விற்றவர் என்ன வாங்குவார் என்பதற்கு விடை இருக்கிறவரைதான் நாணயம் நடக்கும். மேலே பாலக்காட்டு அம்மாவுக்குச் சொன்ன கதையும் அதுதான்.

வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணையில் கப்பல் நின்றுபோனால் நம் நாடு எத்தனை நாள் தாங்கும்? விசாகப்பட்டினத்தில் பாறைக்குள் எண்ணெய் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது மெய்யா?
– விசைத்தறி நெசவாளர், நகரி

ஒளித்து வைக்கவில்லை, அரசே அறிவித்து வைத்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் 13.3 இலட்சம் டன், மங்களூரில் 15 இலட்சம் டன், உடுப்பிக்கு அருகே பாதூரில் 25 இலட்சம் டன் கொள்ளளவுள்ள குகைகள் கடின பாறையில் குடையப்பட்டிருக்கின்றன. குகையைச் சுற்றிய பாறை இடுக்குகளில் நிலத்தடி நீரின் அழுத்தம் உள்நோக்கி இருப்பதால், எண்ணெய் வெளியே கசியாது. இரும்புத் தகடு தேவையில்லை. நிரம்பியிருந்தால் நாட்டின் தேவைக்கு ஏறத்தாழ ஒன்பதரை நாள் வரும். எண்ணெய் நிறுவனங்கள் தம் தொட்டிகளில் வைத்திருப்பது இதற்கு மேல், அது பல வாரங்களுக்கு வரும். 2020 ஏப்ரல், மே மாதங்களில் பெருந்தொற்றால் விலை சரிந்து, பேரல் 19 டாலரை ஒட்டி விற்றபோது இக்குகைகளை நிரப்பியதில் 5,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அரசு கணக்குச் சொன்னது. அந்த ஏப்ரல் 20-ஆம் நாள் அமெரிக்காவில் வைக்க இடமில்லாமல், எடுத்துக்கொண்டு போகிறவருக்குப் பேரலுக்கு 37 டாலர் விற்பவரே கொடுக்கிற நிலை வந்தது. பாதை அடைபட்டால் எண்ணெய் சுமையாகிவிடும் என்பதற்கு அதைவிடச் சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

ஹோர்முஸ் மிகக் குறுகிய இடத்தில் 33 கி.மீ. அகலம், பெரிய கப்பல் போகவும் வரவும் ஒதுக்கிய தடம் ஒவ்வொன்றும் சுமார் 3 கி.மீ.தான். உலகம் செலவழிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதன் வழியே வருவது வழக்கம். கத்தாரின் எரிவாயுவும் அதே வழிதான். நாம் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதியை நம்பியிருப்பவர்கள். 2022-க்குப் பின் ரஷ்ய எண்ணெயை மிகுதியாக வாங்கியதால் வளைகுடாவின் பங்கு குறைந்தது உண்மை. ஆனால் சமையல் எரிவாயுவுக்கு நாம் பெரும்பாலும் வளைகுடாவையே பார்த்திருக்கிறோம், அதற்கு இவ்வளவு பெரிய குகைகளும் கிடையாது. உங்கள் தறிக்கு வரும் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருவது; முதலில் தட்டுப்பாடு தெரிவது தறியில் அல்ல, அடுப்பில்.

நான் சித்தூர்த் தோப்புகளிலிருந்து திருச்சூர்ப் பக்கம் கள் ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டுபவன். முதலாளி மின்சார வண்டி வாங்கப் போவதாகச் சொல்கிறார். எல்லா வண்டியும் மின்சாரமாகிவிட்டால் இந்த எண்ணெய் வல்லரசுகளின் ஆட்டம் அடங்கிவிடுமா?
– ஓட்டுநர், நாட்டுக்கல்

விடியலில் இறக்கிய கள்ளை மதியத்துக்குள் கடைக்குச் சேர்க்கவேண்டிய உங்களுக்குப் பாதையைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. வண்டிகள் மாறினால் பெட்ரோலின் தேவை குறையும். ஆனால் விமானம், கப்பல், நெகிழி, தார், மருந்து என்று எண்ணெய்க்கு வேறு பல வேலைகள் இருக்கின்றன. தவிர, மின்கலத்துக்கு வேண்டிய லித்தியம் ஆஸ்திரேலியாவிலும் சிலியிலும் கிடைத்தாலும், அதைத் தூய்மைப்படுத்தும் தொழிலின் பெரும்பங்கு சீனாவிடம் இருக்கிறது. மோட்டாருக்கு வேண்டிய அரிய மண் காந்தங்களும் அப்படியே. 2025 ஏப்ரலில் சீனா அவற்றின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்று சொன்னதும், நம் நாட்டு மோட்டார் வண்டி நிறுவனங்கள் சில உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. சுரங்கத்தை விட்டுவிட்டு ஆலையைப் பிடித்த ராக்பெல்லரின் கணக்கு இதில் அப்படியே இருக்கிறது.

உங்கள் முதலாளியிடம் வேறொன்றும் கேளுங்கள். திருச்சூர் போய்த் திரும்பும் தொலைவுக்கு ஒரு தடவை ஏற்றிய மின்சாரம் சுமையோடு போதுமா, மேட்டில் ஏறும்போது மின்கலம் எவ்வளவு இறங்குகிறது, வழியில் மின்னேற்றும் நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தில் கள் புளித்துவிடாதா என்று பார்த்த பிறகு வாங்கச் சொல்லுங்கள்.